கணினியில் ஹரகத் இடுவது எப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மக்தப் பிள்ளைகளுக்காக ஃபாத்திஹா சூராவை நாமே கணினியில் தட்டச்சு செய்து, நகல் எடுத்துக் கொடுத்தோம். மறுநாள் ஒரு சிறுமி 'அன்அம்த' என்பதை 'அன்அம்து' என்று ஓதினாள். திருத்தினோம். "ஹஜ்ரத், தாள்ல பேஷ்தானே போட்டிருக்கு?" என்றாள். பார்த்தால், பிழை நம்முடையது. 'நீ அருள் புரிந்தாய்' என்று அல்லாஹ்விடம் சொல்ல வேண்டியது, 'நான் அருள் புரிந்தேன்' என்று ஆகியிருந்தது. ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் சூரா அது! தாள்கள் அனைத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

ஆரம்ப கால முஸ்ஹஃபுகளில் ஹரகத் குறிகள் கிடையாது. அரபியர் அல்லாதோர் பெருமளவில் இஸ்லாத்தில் இணைந்தபோது ஓதுவதில் பிழைகள் தோன்றின. ஹிஜ்ரி 69-ல் வஃபாத்தான அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள், வேறு நிற மையில் புள்ளிகள் இட்டு இதற்கு வழி கண்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இன்று நாம் காணும் வடிவங்களைக் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் அமைத்ததாகக் கூறப்படுகிறது.

இனி கணினிக்கு வருவோம். விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று அரபியைச் சேர்த்து, 'அரபி 101' விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் மொழி மாறும். வலப்பக்கக் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும்.

முதலில் எழுத்தைத் தட்டுங்கள். பிறகு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு குறியைத் தட்டுங்கள்:

* ஜபர்: கியூ, இரண்டு ஜபர்: டபிள்யூ
* பேஷ்: ஈ, இரண்டு பேஷ்: ஆர்
* ஜேர்: ஏ, இரண்டு ஜேர்: எஸ்
* ஸுகூன்: எக்ஸ்
* ஷத்து: எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசை

ஷத்து உள்ள எழுத்துக்கு முதலில் ஷத்தையும், அடுத்து ஹரகத்தையும் இடலாம். குறி தவறினால் பேக்ஸ்பேஸை ஒரு முறை தட்டுங்கள். பொதுவாகக் குறி மட்டும் அழியும், எழுத்து நிற்கும்.

நாம் செய்த தவறு இப்போது புரிந்திருக்கும். கியூ தட்ட வேண்டிய இடத்தில் ஈ தட்டினோம். சிறிய எழுத்தளவில் அது கண்ணில் படவில்லை. எனவே அளவைப் பெரிதாக்கி வைத்து ஹரகத் இடுங்கள்.

ஆங்கில எழுத்தில் அரபிப் பெயர்களை எழுதுவோர் நெடிலைக் காட்ட மேல்கோடு இடுவார்கள். வேர்ட் மென்பொருளில் 0101 என்று தட்டி, ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேல்கோடிட்ட 'ஏ' வந்துவிடும்.

இந்தப் பயிற்சி பாடக் குறிப்புகளுக்கும் பெயர்களுக்கும் போதும். குர்ஆன் வசனங்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. தன்ஸீல் போன்ற தளங்களில் சரிபார்க்கப்பட்ட மூலம் கிடைக்கிறது, அதிலிருந்து நகலெடுங்கள். நிகாஹ் அழைப்பிதழோ, துஆ அட்டையோ, அச்சுக்குப் போகும் முன் ஓதத் தெரிந்த ஒருவர் முஸ்ஹஃபைப் பார்த்து வாய்விட்டு ஓதிச் சரிபார்க்கட்டும். அச்சகத்தில் எழுத்துரு மாறினாலும் குறிகள் இடம் பெயரக்கூடும். ஆகவே பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது பாதுகாப்பானது.

அல்லாஹ் நம் பிழைகளை மன்னித்து, அவனது வேதத்தைப் பேணி ஓதவும் எழுதவும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.