அடுக்களைக் கதவு சாப்பாட்டு மேஜை ஆன கதை

என் மாமியாருக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "இனிமேல் தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். நாங்கள் எல்லாரும் கீழே உட்கார்ந்து சாப்பிட, தான் மட்டும் நாற்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

"நீங்க எல்லாம் சாப்பிடுங்கம்மா, எனக்கு இப்பப் பசிக்கல" என்பார். பிறகு தனியாக இரண்டு வாய் மோர் சாதத்தோடு முடித்துக்கொள்வார். மூன்றே மாதத்தில் கை வளையல் நிற்காமல் கழன்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேஜை வேண்டும்!

கடையில் விலை கேட்டேன். தலை சுற்றியது. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டை 2019இல் இடித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவுகள் கொட்டகையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. வாசக்கதவை மேஜையாக்கலாமே என்றேன். மாமியார் பதறிவிட்டார்.

"மகாலட்சுமி வர்ற கதவு. அதுல எச்சில் படலாமா?"

"சரி அத்தை, அடுக்களைக் கதவு?"

சற்று யோசித்தார். "அது பரவாயில்லை. எத்தனையோ பேருக்குச் சாப்பாடு போனதைப் பார்த்த கதவுதானே!"

அந்தக் கதவு 6 அடி நீளம், 3 அடிக்கு இரண்டு அங்குலம் குறைவான அகலம். ஆறு பேருக்குப் போதும். ஒருவர் இடிபடாமல் சாப்பிட 2 அடி இடம் வேண்டும் என்பது கணக்கு. சட்டத்துக்குள் மூன்று பலகைகள். இரண்டில் தாமரைப்பூ வேலைப்பாடு. நடுப்பலகை மட்டும் எப்போதோ பழுது பார்த்தபோது போட்ட மட்ட மரம். கரையான் அதைத் தின்றுவிட்டு, தேக்கைத் தொடாமல் போயிருந்தது!

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கதவின் பெயிண்டை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய பூச்சில் ஈயம் நிறைய இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நாங்கள் கதவைத் தச்சுப் பட்டறைக்கே அனுப்பி, பெயிண்டை இளக்கும் மருந்து போட்டுச் சுரண்டச் சொன்னோம்.

மேஜையின் உயரம் தரையிலிருந்து 30 அங்குலம். நாற்காலி உட்காரும் பலகை 18 அங்குலம். இடையில் 12 அங்குலம் இருந்தால் முதுகு வளையாமல் சாப்பிடலாம். பாதம் இரண்டும் தரையில் பதிகிறதா என்று மாமியாரை உட்கார வைத்தே பார்த்தோம். கால்களை இணைக்கும் கீழ்ச்சட்டம் தொடையில் இடிக்காதபடி, அதற்கும் தரைக்கும் 25 அங்குலம் விட்டார் ஆசாரி.

ஒரு சிக்கல் வந்தது. பலகைகள் சட்டத்தைவிடப் பள்ளமாக இருந்தன. தட்டு சாயும், சிந்திய குழம்பு மூலையில் தங்கும். "மூணுக்கும் கண்ணாடி பதிச்சுடலாம்மா. பூவும் தெரியும், துடைக்கவும் லேசு" என்றார் ஆசாரி. சட்டத்தின் உள்விளிம்பில் அரை அங்குல அகலத்துக்குக் காடி எடுத்து, கண்ணாடி மரத்தோடு சமமாக உட்காரும்படி செய்தார்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். காசு மிச்சம் என்று சாதாரணக் கண்ணாடியே போதும் என்றேன். இரண்டாம் வாரம், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே நடுவில் வைத்தேன். 'படார்' என்று ஒரு சத்தம். கத்தி போல நீள நீளமாகச் சில்லுகள்! மேஜைக்கடியில் என் நாலு வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தான். அடியில் பலகை இருந்ததால் ஒரு சில்லும் கீழே விழவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாளே மூன்றுக்கும் 'டஃபன்ட்' கண்ணாடிக்குச் சொன்னோம். இந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு பலம். மீறி உடைந்தாலும் கூர் மழுங்கிய சிறு சிறு துண்டுகளாகத்தான் உதிரும். ஆனால் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அதனால் காடியை முடித்தபின் அளவெடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் இடம் விட்டே அளவு கொடுங்கள். 24க்கு 20 அங்குலம், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கண்ணாடி ஏறக்குறைய 8 கிலோ. எனவே காடி ஆழமும் உறுதியும் முக்கியம். விளிம்பைக் கட்டாயம் மழுக்கி வாங்குங்கள்.

மரத்துக்கு மெலமைன் பாலிஷ் கொடுத்தோம். அரக்கில் செய்யும் பிரெஞ்ச் பாலிஷ் அழகுதான், ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளையாக வட்டம் விழும். எந்தக் கண்ணாடியானாலும், எந்தப் பாலிஷானாலும் பிரிமணை இல்லாமல் பாத்திரம் வைக்காதீர்கள். இது என் அனுபவப் பாடம்!

கண்ணாடி வரப் பத்து நாள் ஆயிற்று. புதிதாகப் போட்ட நடுப்பலகை வெறுமையாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் மாமியார், "கொஞ்சம் வெள்ளைப் பெயிண்டும் சின்ன பிரஷும் கொடும்மா" என்றார். முழங்கால் வலி வந்த நாளிலிருந்து அவர் வாசலில் கோலம் போட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே புள்ளி வைத்தார். கை நடுங்கியது, ஆனால் ஒரு சிக்கலும் தப்பவில்லை. பெயிண்ட் நன்றாகக் காய நான்கு நாள் விட்டோம். ஈரம் இருந்தால் கண்ணாடிக்குள் ஆவி படியும்.

இப்போது கோலத்துக்கு நேரே உள்ள நாற்காலி அத்தையுடையது. ராத்திரி எட்டு மணிக்கு முதலில் வந்து உட்காருவதும் அவர்தான். "எல்லாரும் வாங்க, சாதம் ஆறுது!" என்று கூப்பிடுகிறார். பசிக்கலை என்ற பேச்சே இல்லை.