படபடப்பு எங்கிருந்து கிளம்புகிறது? காட்டிக் கொடுக்கும் இருதய வரைபடம்

நெஞ்சு திடீரெனப் படபடக்கும். சற்று நேரத்தில் தானாக அடங்கிவிடும். 'வாயுக் கோளாறு' என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் நம்மவர்களில் ஏராளம். கிளினிக் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு சீராகிவிட்டால் இ.சி.ஜி.யிலும் ஒன்றும் தெரியாது.

இப்படி வந்து போகும் கோளாறுகளில் முக்கியமானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். மற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு.

விட்டு விட்டு வரும் இந்தக் கோளாறைத் தூண்டும் மின்துடிப்பு, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களில்தான் பெரும்பாலும் கிளம்புகிறது என்பதை பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஹைசகேரின் குழு 1998இல் வெளியிட்டது. அந்த நாளங்களின் வாயைச் சுற்றி, வேலி போட்டதுபோல் சிறு தழும்புகளை உண்டாக்கினால் துடிப்பு வெளியே வராது. தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை இருதயத்துக்குள் செலுத்தி, சூட்டாலோ குளிராலோ இதைச் செய்கிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

முன்பு இதற்கு எக்ஸ்-ரே நிழலை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. அது தட்டையான படம். குழாயின் முனை முன்சுவரில் இருக்கிறதா, பின்சுவரில் இருக்கிறதா என்பதை மருத்துவர் அனுபவத்தால்தான் ஊகிப்பார். இருதயமோ ஓயாமல் அசைவது. இன்று கட்டிலுக்கு அடியில் மெல்லிய காந்தப் புலம் உண்டாக்கப்படுகிறது. குழாய் முனையிலுள்ள உணர்கருவி, தான் நிற்கும் இடத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் கணினிக்குச் சொல்லும். முனை தொடும் ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டம் எப்போது வந்தது, எவ்வளவு வலுவாக இருந்தது என்பதும் பதிவாகும். அந்தப் புள்ளிகள் சேர்ந்து, மேலறையின் முப்பரிமாண வரைபடம் வண்ணங்களில் திரையில் எழும். போட்ட வேலியில் எங்கே இடைவெளி விட்டுப்போனது என்பதையும் அதிலேயே பார்க்கலாம். எக்ஸ்-ரே கதிரும் வெகுவாகக் குறைகிறது.

மலேசியாவில் தேசிய இருதயக் கழகத்தில் இந்தச் சிகிச்சை உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒரே தடவையில் குணமாகிவிடாது. சிலருக்கு மறுபடியும் செய்ய நேரும். சிகிச்சை முடிந்ததும் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது அதுதான்.

படபடப்பு வரும்போது தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஒரு தாளில் குறித்து வைத்து, அரசாங்க கிளினிக்கில் காட்டி நிபுணரிடம் செல்ல கடிதம் கேட்கலாம். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் உடனே 999.