எண்ணெயா, புகையா? கோழி இறக்கை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு இரு பக்கமும் பொழுது சாய்ந்தால் கோழிக்கடைகளில் அடுப்பு பற்றிக்கொள்கிறது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிடுகிறவர்களும் வருகிறார்கள். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து பிள்ளைகளுக்குப் பொட்டலம் வாங்கிப் போகிறவர்களும் வருகிறார்கள். முன்பெல்லாம் இருந்தது எண்ணெய்ச் சட்டி மட்டும்தான். இப்போது அதன் பக்கத்திலேயே கரித்தணலும் கம்பிவலையும் வந்துவிட்டன. லாலிபாப் என்று நாம் கேட்டு வாங்குவதும் கோழி இறக்கைதான். சதையை எலும்பின் ஒரு முனைக்குத் தள்ளி உருட்டிப் பொரித்தது.

“எண்ணெய் வேண்டாம், புகையில் வெந்ததே கொடுங்கள், அதுதான் உடம்புக்கு நல்லது” என்று கேட்டு வாங்கும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். அவர்களுடைய அக்கறை நியாயமானது. ஆனால் எண்ணெய் இல்லை என்பதாலேயே ஒரு பண்டம் பாதுகாப்பானதாகிவிடாது. பொரிப்பதில் ஒரு வகை ஆபத்து, புகையில் வேகவைப்பதில் இன்னொரு வகை. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் கடைக்காரரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

பொரிப்பதை முதலில் பார்ப்போம். 175 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ள எண்ணெயில் இறக்கை பத்து நிமிடத்தில் வெந்துவிடும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட்டால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் மடிந்துவிடும். இந்த வகையில் நன்றாகப் பொரித்த இறக்கைக்கு நிகரில்லை. கெடுவது எண்ணெய். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து, ‘போலார் கூறுகள்’ எனப்படும் கழிவுப் பொருள்கள் அதில் சேர்கின்றன. மசாலாத் துணுக்குகளும் மாவும் அடியில் தங்கிக் கருகுவதால் சிதைவு இன்னும் வேகமாகிறது. எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்து, சூடேறும் முன்பே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நேற்றைய எண்ணெயில் இன்று புது எண்ணெயைக் கலந்து ஊற்றினாலும் பழைய கேடு போவதில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. போலார் கூறுகள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பதற்கு எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் அதற்குக் கணக்கு வைத்து, கழிவு எண்ணெயை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அந்த எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கும் திட்டமும் நடக்கிறது. ஆகவே ‘பழைய எண்ணெயைக் கொட்டினால் நட்டம்’ என்று சொல்வதற்கு இடமில்லை. அதை விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

பொரிக்கும் கடைகளில் எனக்கு எண்ணெயைவிடக் கவலை தருவது இன்னொரு வழக்கம். சாயங்காலக் கூட்டத்தைச் சமாளிப்பதற்காக மதியமே இறக்கைகளை அரைவேக்காடாகப் பொரித்துத் தட்டில் குவித்துவிடுகிறார்கள். ஆள் வந்ததும் மறுபடி சட்டியில் போட்டு எடுக்கிறார்கள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். வேலூர் வெயிலில் திறந்த தட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும் அரைவேக்காட்டுக் கறி அவை பெருகத் தோதான இடம். கேட்டதும் இரண்டே நிமிடத்தில் மொறுமொறுவென்று வந்துவிட்டதே என்று மகிழாதீர்கள். எப்போது முதல் தடவை பொரித்தீர்கள் என்று கேளுங்கள்.

இனி புகை. முறையாகப் புகையில் வேகவைப்பதென்றால் 110, 120 பாகையில் இரண்டு மணி நேரம் வரை ஆகும். அத்தனை பொறுமை சாலையோரக் கடையில் நடக்காத காரியம். அங்கே நடப்பது பெரும்பாலும் தணலுக்கு நேர் மேலே வாட்டுவதுதான். தோல் கருகி மணம் வந்துவிடும். எலும்பை ஒட்டிய சதையில் பச்சை வாடை போயிருக்காது. நிறத்தை வைத்தும் இதைத் தீர்மானிக்க முடியாது. புகையில் உள்ள நைட்ரஜன் வாயுக்கள் சதையோடு சேர்ந்து, முழுதாக வெந்த கறியையும் இளஞ்சிவப்பாகவே வைத்திருக்கும். உணவு வெப்பமானியைக் குத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. புகைக்கடை வைத்திருப்பவர்கள் அந்தச் சிறு கருவியை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இறக்கையில் தோலும் கொழுப்பும் அதிகம். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் பென்சோபைரீன் என்ற நச்சு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகையூட்டிய இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு கட்டியுள்ளது. என்றைக்கோ ஒரு நாள் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். வாரத்தில் பல நாள் வேண்டாம். கருகிய தோலைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

எதை எரிக்கிறார்கள் என்பது நம் பகுதிக்கென்றே கேட்க வேண்டிய கேள்வி. சீமைக்கருவேலங்கரி, புளிய விறகு என்றால் சரி. சாயம் பூசிய பலகை, பெட்டி உடைத்த மரம், தோல் துண்டு, ஷூ அட்டை எதுவும் சமையல் நெருப்புக்குள் போகக் கூடாது. குரோமியத்தில் பதனிட்ட தோல் எரியும்போது, அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறக்கூடும். பாலாற்று நீரிலும் நிலத்திலும் தோல் கழிவு செய்த கேட்டுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. அந்தக் கழிவு விளையாட்டாகக்கூட அடுப்புக்கு வரக் கூடாது.

ஏலகிரிக்குப் போய் அறை எடுத்து, பார்பிக்யூ போடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அடங்கிய தணலைக் குளிருக்காக அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இரண்டு பேர் இப்படித்தான் இறந்தார்கள்.

செக்கச்செவேல் என்ற நிறம் இரண்டு வகைக் கடைகளிலும் உண்டு. கோழிக்கறியில் செயற்கை நிறமி சேர்ப்பதற்கு நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமே இல்லை. கர்நாடக அரசு கபாப் மாதிரிகளைச் சோதித்து, 2024 ஜூனில் அவற்றில் செயற்கை நிறத்துக்குத் தடை ஆணையே போட்டது. காஷ்மீர் மிளகாய்த்தூள் தரும் சிவப்பு மங்கலானது. விரலில் சாயமாக ஒட்டினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தரும் மயோனைஸைப் பற்றியும் கேளுங்கள். பச்சை முட்டையில் செய்ததைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் சவர்மா சாப்பிட்ட பின் 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். அதே உணவகத்தில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அப்படி ஒன்று நடந்தால் கடைக்காரருடன் சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். வாந்தியும் பேதியும் நிற்காவிட்டால், காய்ச்சல் சேர்ந்துகொண்டால், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மிச்சத்தைக் கொட்டாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ரசீது, கடைப் பலகையில் உள்ள 14 இலக்க உரிம எண், இரண்டையும் படமெடுத்து வையுங்கள். ரசீதில் அந்த எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, அந்த உணவை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்க உங்களுக்கே உரிமை உண்டு. விதிமீறல் உறுதியானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். 65ஆவது பிரிவின்படி கெட்ட உணவால் உயிர் போனால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு வாங்கலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

என்னைக் கேட்டால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கண்முன்னே புது எண்ணெயில், பச்சையிலிருந்து முழுதாகப் பொரித்துத் தரும் இறக்கையே சாலையோரப் புகைக்கறியைவிடப் பாதுகாப்பு. அதுவும் எப்போதாவதுதான்.

தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. பள்ளிகொண்டா வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது; அதே சாலையில் உள்ள ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. கடை எந்த ஊர், எந்த மாவட்டம் என்பதைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள்.