பலமுள்ள காலும் நிற்கத் தெரிந்த காலும்

நறுவிலிக்குளம் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். நல்ல ஓட்டக்காரன்; கெண்டைக்கால் இரும்பு மாதிரி. பந்தோடு சட்டென்று திரும்புகையில் பாதம் உட்பக்கம் மடிந்து விழுகிறான். "காலு பிசகிட்டு" என்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். வீக்கம் வற்றியதும் மைதானத்தில் இறங்குகிறான். அதே கால் மறுபடியும் பிசகுகிறது. பலம் இருந்தும் ஏன்?

பாதம் உள்ளே மடியாமல் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிப்பவை, முழங்காலின் கீழே வெளிப்புறமாக ஓடும் தசைகள். அவை பலமாக இருந்தால் மட்டும் போதாது. உரிய கணத்தில் இழுக்கவும் வேண்டும். கால் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் தசையிலும் மூட்டைக் கட்டும் இணையங்களிலும் உள்ளன. சுளுக்கில் இணையம் கிழியும்போது இந்த உணர்வும் கெடுகிறது என்று 1965இல் ஃப்ரீமன் என்ற ஆங்கில மருத்துவரும் அவரது குழுவினரும் எழுதினார்கள். நோவு போய்விடும், உணர்வு தானாக முழுமையாகத் திரும்பும் என்பதற்கில்லை. 1985இல் சுவீடன் உதைபந்தாட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில், ஆடும் பலகையில் நின்று பழகியதால், முன்பு சுளுக்கியவர்களுக்கு மீண்டும் சுளுக்குவது குறைந்தது.

பொதுவாக விளையாடுபவர்களுக்குச் சமநிலை கூடுதல்தான். ஆனால் அது பழகிய வேலையைப் பொறுத்தது. 2007இல் அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைகளை ஒப்பிட்டபோது, கூடைப்பந்து ஆடுபவர்கள் அசையாமல் நிற்பதில் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளுக்கும், ஒற்றைக்காலில் நின்று மறுகாலை எட்ட நீட்டுவதில் உதைபந்து வீராங்கனைகளுக்கும் பின்னால் நின்றார்கள். நமது கரையில், ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுப்பவரையும், வயல் வரம்பில் தலைச்சுமையோடு நடக்கும் பெண்ணையும் யாரும் விளையாட்டு வீரர் என்பதில்லை. அவர்களின் கணுக்காலும் தினம் பழகுகிறது. நாற்காலியிலேயே நாள் போக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை. வயது ஏற ஏற, விழுந்து எலும்பு முறிவதில் இதற்கும் பங்குண்டு.

பயிற்சிக்குச் செலவில்லை. சுவர் அருகே ஒற்றைக்காலில் அரை நிமிடம் நில்லுங்கள். பழகியபின் கண்ணை மூடிப் பாருங்கள், கணுக்கால் படும் பாடு தெரியும். குதியை மெல்ல உயர்த்தி இறக்குவது தசைக்கு. சுளுக்கியவுடன் நாலு அடி வைக்க முடியாவிட்டால் உருவக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பைப் பார்க்க வேண்டும். புள்ளைகளை மறுபடி மைதானத்தில் இறக்குமுன், "நோவுதா?" என்று மட்டும் கேட்காமல், அந்தக் காலில் தனியே நிற்கச் சொல்லிப் பாருங்கள்.