நோயிலும் முதுமையிலும் கரையும் தசை: காக்கும் வழிகள்

கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து வீடு திரும்பும் முதியவர்கள் பலர், நோய் தீர்ந்த பின்னும் முன்போல் வயல் வரை நடக்க இயலாமல் போவதைக் கிராமங்களில் காண்கிறோம். 'வயதாகிவிட்டது, இனி அவ்வளவுதான்' என்று விட்டுவிடுகிறோம். படுக்கையில் கிடந்த நாட்களில் கரைந்த தசை மீண்டும் வளராததே இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும். இந்த இழப்பைக் குறைக்கவும், இழந்ததில் ஒரு பகுதியை மீட்கவும் முடியும்.

தசை ஏன் கரைகிறது?

நெற்பயிரில் தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள்தாம் முதலில் மஞ்சளாகின்றன. பயிர் தன் முதிர்ந்த இலைகளில் உள்ள புரதத்தைச் சிதைத்து, அதிலுள்ள தழைச்சத்தை இளங்குருத்துக்கு அனுப்புவதே காரணம். நம் உடலும் இதைப் போன்றே செயல்படுகிறது. கொழுப்பைச் சேமித்து வைக்க உடலில் இடமுண்டு. புரதத்திற்கு அப்படித் தனிக் கிடங்கு இல்லை; தட்டுப்பாடு வந்தால் தசையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

உடல்நலத்தோடு இருக்கும்போதும் தசைப்புரதம் நாள்தோறும் சிதைந்து, நாள்தோறும் புதிதாக உருவாகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை தசை குறைவதில்லை. கடும் நோயில் சிதைவு மிகுந்துவிடுகிறது. சிதைந்த புரதத்திலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரல் சர்க்கரையையும், நோயை எதிர்க்கத் தேவையான புரதங்களையும் உருவாக்குகிறது. நோயாளி சரிவர உண்பதில்லை. உடல் அசைவும் இல்லை. ஆகவே புதிய தசை உருவாவதும் குறைகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 63 நோயாளிகளை இலண்டனில் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவின்படி, 10 நாட்களில் தொடையின் முன்தசைப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு குறைந்திருந்தது.

முதுமையில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே அளவு புரதத்தை உண்டாலும் இளைஞர் உடலில் உருவாகும் அளவுக்கு முதியவர் உடலில் தசை உருவாவதில்லை. எனவே முதியவருக்குப் புரதம் குறைவாகப் போதும் என்று எண்ணுவது தவறு. அவருக்குச் சற்று கூடுதலாகவே வேண்டும்.

எவ்வளவு புரதம் தேவை?

முதியவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் உண்பது நல்லது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 60 கிராம் ஆகும். இதைக் கீழ்க்கண்டவாறு பெறலாம்:

அரிசி 250 கிராம் – சுமார் 19 கிராம் புரதம்
பருப்பு, பயறு வகை 60 கிராம் – சுமார் 14 கிராம்
பால் 400 மில்லி – சுமார் 13 கிராம்
முட்டை 1 – சுமார் 6 கிராம்

முட்டை உண்ணாதவர்கள் 25 கிராம் நிலக்கடலையைச் சேர்த்துக்கொள்ளலாம். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. நாள் முழுமைக்கும் உரிய புரதத்தை ஒரே வேளையில் உண்ணாமல், மூன்று வேளைக்கும் பிரித்து உண்பது நலம்.

நோயாளிக்கு வெறும் அரிசிக் கஞ்சியையே பல நாட்கள் கொடுப்பது நம் வழக்கம். 30 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் சுமார் 2 கிராம் புரதமே உள்ளது. அதில் 30 கிராம் பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்தால் சுமார் 9 கிராம் கிடைக்கும். செலவு அதிகமில்லை, செரிப்பதும் எளிது.

உழைப்பும் வேண்டும்

உணவு மட்டும் போதாது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் உண்ட புரதம் அங்கே சேரும். முற்றிலும் காய்ந்த இலை மீண்டும் பச்சையாவதில்லை. ஆனால் மெலிந்த தசை தொண்ணூறு வயதிலும் வலுப்பெறும். அமெரிக்காவில் சராசரியாக 90 வயதுடைய 10 முதியோருக்கு 8 வாரங்கள் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். 1990-ல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. மருத்துவர் அனுமதித்த உடனே நோயாளியை எழுப்பி உட்கார வையுங்கள். பின் துணையோடு நிற்கவும் நடக்கவும் பழக்குங்கள்.
2. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை 5 முறையில் தொடங்கி, நாளடைவில் கூட்டுங்கள். அருகில் ஒருவர் இருப்பது அவசியம்.
3. தேறியவருக்கு இலேசான வேலைகளைக் கொடுங்கள். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும் தசைக்குக் கேடாகும்.
4. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் உழவர்கள், விளைந்தது முழுவதையும் களத்திலேயே விற்றுவிடாமல் வீட்டுத் தேவைக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நாள் ஒன்றுக்கு 60 கிராம் வீதம் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 22 கிலோ போதும். வீட்டிலுள்ள முதியவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அந்த அளவை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியை விற்பனைக்கு அனுப்புங்கள்.