'பைலட் தவறு'ன்னு எழுதிட்டா விசாரணை முடிஞ்சிடுமா?

குயிலாப்பாளையத்துல இருந்து பேசுறேன். ஆடியோவுல மயில் சத்தம் கேட்டவங்களுக்கு ஒரு விஷயம்: அது எஃபெக்ட் இல்ல, நிஜ மயில். படிக்கிறவங்களுக்காக பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்திப் போட்டிருக்கேன்.

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி, போர் விமானங்கள் ஏன் விழுது?

2025 நவம்பர்ல ஒரே வாரத்துல ரெண்டு விபத்து நடந்தது. 14-ம் தேதி செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் பக்கத்துல விமானப்படையோட பிசி-7 பயிற்சி விமானம் விழுந்தது. பைலட் எஜெக்ட் ஆகி, பாராசூட்ல இறங்கித் தப்பிச்சார். சரியா ஒரு வாரம் கழிச்சு, 21-ம் தேதி, துபாய் ஏர் ஷோவோட கடைசி நாள்ல தேஜஸ் விழுந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவர் உடல் முதல்ல கோயம்புத்தூர் பக்கத்துல இருக்கிற சூலூர் விமானப்படைத் தளத்துக்குத்தான் வந்தது. தேஜஸ் படைப்பிரிவுகளுக்கும் சூலூருக்கும் நெருங்கின தொடர்பு உண்டு.

விமானம் தரையைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள சோஷியல் மீடியாவுல தீர்ப்பு எழுதிட்டாங்க. பாதிப் பேர் "பைலட் தப்பு"ன்னாங்க, மீதிப் பேர் "விமானமே டப்பா"ன்னாங்க. இந்த ரெண்டு பதிலுமே ஏன் போதாதுங்கிறதுதான் இன்னைய எபிசோட்.

மூணு நொடிக் கணக்கு

முதல்ல ஒரு சின்ன கணக்கு. இது துபாய் விபத்தோட எண்கள் இல்ல, பொதுவா நான் போட்டுப் பார்த்தது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம்னா, நொடிக்கு சுமார் 139 மீட்டர். மூக்கை 45 டிகிரி கீழ நோக்கி வச்சுக்கிட்டு அந்த வேகத்துல போனா, நொடிக்கு கிட்டத்தட்ட 98 மீட்டர் உயரம் போயிடும். 300 மீட்டர் உயரத்துல இருந்தா கையில இருக்கிறது மூணு நொடி. ஏதோ சரியில்லைன்னு கவனிக்கணும், என்னன்னு புரிஞ்சுக்கணும், முடிவெடுக்கணும், கை நகரணும். எல்லாமே அந்த மூணு நொடிக்குள்ள.

"எஜெக்ஷன் சீட் இருக்கே?"ன்னு கேப்பீங்க. இப்போ வர்ற சீட்களை ஜீரோ-ஜீரோன்னு சொல்வாங்க. உயரம் பூஜ்யம், வேகம் பூஜ்யம், அதாவது தரையில நின்னுட்டு இருக்கிற விமானத்துல இருந்துகூட ஆளை மேல வீசி பாராசூட்டை விரிச்சிடும். ஆனா விமானம் நேரா, நிலையா இருந்தாதான் அந்தக் கணக்கு செல்லும். வேகமா கீழ இறங்கிட்டு இருந்தா, ராக்கெட் முதல்ல அந்த இறங்கு வேகத்தைத்தான் முறியடிக்கணும். சாய்ஞ்சோ தலைகீழாவோ இருந்தா, சீட் ஆளைப் பக்கவாட்டுலயோ தரையை நோக்கியோ வீசும். சீட் நல்ல சீட்தான், ஆனா அதுக்கும் உயரம் வேணும்.

ஏர் ஷோவுல பறக்கிறது ஆபத்தான வேலை ஆகுறதும் இதனாலதான். கூட்டம் பார்க்கணும்னா தாழப் பறக்கணும். 10,000 அடியில மன்னிக்கப்படுற அதே சறுக்கல் 500 அடியில மன்னிக்கப்படாது.

உடம்பு சொல்ற பொய்

போர் விமானம் விழ நிறைய காரணம் இருக்கு. இன்ஜின் கோளாறு, பறவை மோதல், ஓடுபாதையில கிடக்கிற சின்ன போல்ட் இன்ஜினுக்குள்ள போறது, நடுவானத்துல மோதிக்கிறது. 2023 ஜனவரி 28-ல சுகோய்-30-ம் மிராஜ் 2000-மும் மத்தியப் பிரதேசத்துல விழுந்தது ஞாபகம் இருக்கலாம். இதெல்லாம் ஓரளவு எளிதா புரியும். மனுஷ உடம்பு சம்பந்தப்பட்ட ரெண்டு காரணத்தைத்தான் கொஞ்சம் விளக்கணும்.

ஒண்ணு, ஜி ஃபோர்ஸ். 9 ஜி திருப்பத்துல உடம்புல எல்லாமே ஒன்பது மடங்கு கனக்கும். 5 கிலோ தலை 45 கிலோ ஆகும். ரத்தம் காலுக்கு இறங்கிடும். மூளைக்கு ரத்தம் போகலன்னா முதல்ல பார்வை மங்கும், அப்புறம் நினைவே போயிடும். காலை இறுக்கிப் பிடிக்கிற ஜி-சூட்டும், மூச்சை அடக்கித் தசையை இறுக்குற பயிற்சியும் இதைத் தள்ளிப் போடத்தான்.

ரெண்டாவது, திசை குழம்புறது. சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்க. நின்ன பிறகும் உலகம் சுத்தும் இல்லையா? காதுக்குள்ள இருக்கிற திரவம் இன்னும் நிக்காததுதான் காரணம். விமானத்துல இதோட மறுபக்கமும் நடக்கும். ஒரே சீரா இருபது நொடி திரும்பிட்டே இருந்தா, அந்தத் திரவமும் கூடவே ஓட ஆரம்பிச்சிடும். "நேரா போறோம்"னு உடம்பு சத்தியம் பண்ணும். நிஜமாவே நேராக்கினா, எதிர்ப்பக்கம் திரும்புற மாதிரி இருக்கும். உடனே கை தானா தப்பான பக்கம் சாய்க்கும்.

நமக்குக் கண் இருக்கிறதால இது தெரியாது. அடிவானம்தான் மூளையைத் திருத்துது. இங்க இருந்து ஆரோவில் பீச் பக்கம்தான். மூட்டமா இருக்கிற ஒரு காலைல போய் நில்லுங்க. கடல் எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியாது. தஞ்சாவூர் சுகோய்-30 பைலட்களுக்கு இதே வங்கக் கடல்தான் பறக்கிற இடம். அடிவானம் இல்லாத நேரத்துல உடம்பை நம்பாம கருவிகளை நம்புறதுக்குத் தனிப் பயிற்சி வேணும். பெங்களூருல இருக்கிற விமானப்படையோட விண்வெளி மருத்துவ நிறுவனம் பைலட்களுக்கு இந்தக் குழப்பத்தையும் ஜி ஃபோர்ஸையும் தரையிலேயே காட்டிப் பழக்குது.

ஒரே விபத்து, ரெண்டு வாக்கியம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். 2021 டிசம்பர் 8. சூலூர்ல இருந்து வெலிங்டனுக்குக் கிளம்பின எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் பக்கத்துல விழுந்தது. அதுல இருந்தவங்க 14 பேர், முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட. இது போர் விமானம் இல்லைதான். ஆனா நான் சொல்ல வர்றது இதுல பளிச்சுன்னு தெரியும்.

2022 ஜனவரியில விசாரணைக் குழு சொன்னது இது: பள்ளத்தாக்குல வானிலை எதிர்பாராம மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள்ள நுழைஞ்சது, பைலட்டுக்குத் திசை குழம்பிச்சு, கட்டுப்பாட்டுல இருக்கும்போதே மலையில மோதிச்சு. இயந்திரக் கோளாறு இல்ல, நாசவேலை இல்ல, அலட்சியமும் இல்ல.

2024 டிசம்பர்ல நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவோட அறிக்கை வந்தது. 2017-ல இருந்து 2022 வரைக்கும் விமானப்படையில நடந்த 34 விபத்துகளைப் பத்தி அதுல இருக்கு. அதுல இதே விபத்துக்கு நேரா எழுதியிருக்கிற காரணம், 'மனிதத் தவறு (விமானக் குழு)'.

ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல. ஆனா முதல் வாக்கியத்தைப் படிச்சா என்ன செய்யலாம்னு யோசிக்க முடியும்: மலைப்பாதைக்கு வானிலைத் தகவல், மேகம் வந்தா திரும்புற விதி, நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி. ரெண்டாவதைப் படிச்சா எதுவும் தோணாது. "இனிமே தப்பு பண்ணாதீங்க"ன்னு சொல்றதைத் தவிர.

நம்ம சாஃப்ட்வேர் உலகத்துல புரொடக்ஷன் விழுந்தா போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். "ஒரு டெவலப்பர் தப்பான கமாண்ட் அடிச்சிட்டார்"னு எழுதி மூடினா, அடுத்த மாசம் இன்னொருத்தர் அதையே அடிப்பார். அந்தக் கமாண்டை அடிக்க எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டாதான் ஏதாவது மாறும். இந்த யோசனையை நாம கண்டுபிடிக்கல. இது விமானத்துல இருந்து வந்தது.

ரப்பர் சக்கரம்

1943. அமெரிக்காவோட பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியா தரையிறங்கின பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரம் மடிஞ்சு வயித்துல உட்கார்ந்தது. அறிக்கைல எழுதினது பைலட் தவறு. ஆல்ஃபான்ஸ் சாபானிஸ்னு ஒரு உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இறக்கையோட ஃப்ளாப்பை மடக்குற சுவிட்சும் சக்கரத்தை மடக்குற சுவிட்சும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி இருந்தது. களைச்சுப் போன பைலட் ஃப்ளாப்னு நினைச்சு சக்கரத்தை மடக்கிட்டார். சக்கர சுவிட்ச் மேல ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃப்ளாப் சுவிட்ச் மேல ஆப்பு வடிவத்தையும் ஒட்டினாங்க. தொட்டாலே வித்தியாசம் தெரிஞ்சிடும். அந்த 'பைலட் தவறு' நின்னு போச்சு. பைலட்களை யாரும் மாத்தல.

26 வருஷம்

இப்போ நம்ம ஊர்க் கதை. 2012-ல பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில சொன்ன கணக்கு: வாங்கின 872 மிக் விமானங்கள்ல 482 விபத்துல போயிருக்கு. 171 பைலட்கள், பொதுமக்கள் 39 பேர், மற்ற படைகளைச் சேர்ந்த 8 பேர் இறந்திருக்காங்க.

மிக்-21-க்கு 'பறக்கும் சவப்பெட்டி'ன்னு பேர் வந்ததும் இதனாலதான். சின்ன இறக்கை, ஒத்த இன்ஜின், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல தரையிறங்குற வேகம். ஆனா விமானம் மட்டும் காரணமா? அந்தக் காலத்துல இளம் பைலட்கள் கிரண்னு ஒரு மெதுவான பயிற்சி ஜெட்ல கத்துக்கிட்டு, நேரா மிக்-21-ல ஏறினாங்க. டிவிஎஸ் 50-ல பழகினவரை ஒரே நாள்ல ரேஸ் பைக்ல ஏத்தின மாதிரி. 1982-லேயே லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு, நடுவுல ஒரு மேம்பட்ட பயிற்சி ஜெட் வேணும்னு சொல்லிடுச்சு. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல. படையில சேர்ந்தது 2008-ல. 26 வருஷம். அதுவரைக்கும் விழுந்த ஒவ்வொரு இளம் பைலட் பேர்லயும் 'தவறு'ன்னு எழுதுறது எவ்வளவு நியாயம்?

2001 செப்டம்பர் 17-ல ஃப்ளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கில் ராஜஸ்தான் சூரத்கர்ல இருந்து ராத்திரி மிக்-21-ல கிளம்பி விழுந்து இறந்தார். விமானப்படை அவர் மேல பழி சொன்னப்போ அவர் அம்மா கவிதா காட்கில் அதை ஏத்துக்கல. வருஷக்கணக்குல போராடி, மகன் பேர்ல விமானப் பாதுகாப்புக்காக ஒரு அமைப்பே தொடங்கினார். செத்தவர் எழுந்து வந்து விளக்கம் சொல்ல முடியாது. 'பைலட் தவறு'ங்கிற ரெண்டு வார்த்தையைச் சுமக்கிறது வீட்டுல இருக்கிறவங்கதான்.

பிழைச்சு வந்த விமானம்

குன்னூர்ல அன்னைக்கு உயிர் பிழைச்சவர் ஒருத்தர்தான், குரூப் கேப்டன் வருண் சிங். ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ல இறந்தார். அவருக்கு அதுக்கு முன்னாடியே சௌர்ய சக்ரா விருது கிடைச்சிருந்தது. 2020 அக்டோபர் 12-ல அவர் ஓட்டின தேஜஸ்ல காக்பிட் அழுத்தம் போச்சு, அப்புறம் விமானத்தைக் கட்டுப்படுத்துற சிஸ்டமே கோளாறு ஆச்சு. எஜெக்ட் ஆகியிருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. அவர் ஓட்டிக் கொண்டு வந்து இறக்கினார். விமானம் முழுசா கையில கிடைச்சதால கோளாறைத் துல்லியமா கண்டுபிடிச்சு, திரும்ப வராம தடுக்க முடிஞ்சதுன்னு விருதுக் குறிப்பே சொல்லுது.

அமெரிக்காவுல இன்னொரு படி போயிருக்காங்க. 2014-ல இருந்து எஃப்-16-ல ஒரு சாஃப்ட்வேர் ஓடுது. தரையில மோதப் போறோம், பைலட் எதுவும் செய்யலன்னு தெரிஞ்சா, அதுவே விமானத்தை நிமிர்த்தி மேல தூக்கிடும். 2016-ல அரிசோனாவுல ஒரு பயிற்சி பைலட் ஜி ஃபோர்ஸ்ல மயங்கினப்போ அதுதான் காப்பாத்துச்சு. அவருக்கு நினைவு வந்தப்போ விமானம் ஏற்கெனவே நிமிர்ந்துட்டு இருந்தது. மனுஷன் மயங்குவான்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டு எழுதின கோடு அது.

அடுத்த தடவை இப்படி ஒரு பிரேக்கிங் நியூஸ் வந்தா, வீடியோவை ஸ்லோ மோஷன்ல ஓட்டி யார் தப்புன்னு தேடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. எவ்வளவு உயரம் இருந்தது? அந்த இடத்துல வேற ஒரு நல்ல பைலட் இருந்திருந்தா தப்பிச்சிருப்பாரா? இதே மாதிரி முன்னாடி நடந்தப்போ என்ன மாத்தினாங்க? மூணாவது கேள்விக்குப் பதில் "ஒண்ணும் இல்ல"ன்னா, அங்க இருந்துதான் தேட ஆரம்பிக்கணும்.

இன்னைக்கு இவ்வளவுதான். கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.