கழுவினால்தான் தெரியும்

ஃபிலிம் கேமராவுக்கு மறுபடியும் மவுசு. ஆனால் திருவனந்தபுரத்தின் ஈரக் காற்றில், வீட்டு அலமாரிகளில் இருக்கும் நெகடிவ்கள் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கின்றன.

சைக்கிள் காரியரில் ஒரு ராக்கெட்டின் மூக்குப் பகுதி. இரண்டு பேர் அதைப் பத்திரமாக நடத்திக்கொண்டு போகிறார்கள். இந்திய விண்வெளித் துறையைப் பற்றி யார் பேசினாலும் தவறாமல் தலைகாட்டும் படம் இது. 1966-ல் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் எடுக்கப்பட்டது. படத்தில் இருப்பவர்களில் ஒருவர் பொறியாளர் சி.ஆர். சத்யா. எடுத்தவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். புகைப்பட உலகில் அவரைத் தெரியாதவர் கிடையாது. படத்தைத் தெரிந்த பெரும்பாலான இந்தியர்களுக்கோ அவரைத் தெரியாது. (1981-ல் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்ற படம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம்.)

கார்த்தியே-பிரெஸ்ஸோன் லைகா கேமராவும் கறுப்பு வெள்ளை ஃபிலிமுமாக உலகம் சுற்றியவர். ஃபிளாஷ் போடுவதில் நம்பிக்கை இல்லாதவர். இருட்டறை வேலையிலும் அவருக்கு நாட்டம் கிடையாது. ரோலைக் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் மற்றவர்கள் பொறுப்பு. அதாவது, என்ன எடுத்தோம் என்பது எடுத்தவருக்கே பிறகுதான் தெரியும். இந்தக் காத்திருப்பு மேதைகளுக்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல. ஓணத்துக்கு எடுத்த படத்தைக் கிறிஸ்துமஸ் வரை பார்க்க முடியாமல் தவித்த திருவனந்தபுரம் குடும்பங்களுக்கும் அதே கதைதான்.

"ரோல் முடியட்டும்" என்பது அந்த வீடுகளில் அடிக்கடி கேட்ட பேச்சு. 36 படமும் முடியாமல் ஃபிலிமை வெளியே எடுக்க யாருக்கும் மனம் வராது. பூக்களத்துக்கு முன்னால் உட்கார்ந்த பாட்டி, பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடம் போட்ட பையன், கோவளம் கடற்கரையில் நனைந்த சித்தப்பா, கரமனை அக்ரஹாரத்தில் என்றால் நவராத்திரி கொலு - இவ்வளவும் ஒரே சுருளில் இருட்டில் கிடக்கும். கடைசியில் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவினால், ஃபிலிம் பல்லில் மாட்டாமல் சும்மா சுற்றியிருந்தது தெரியவரும். ஒரு படம்கூட விழுந்திருக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் 36-க்குப் பதில் 37 கிடைக்கும்.

கேமரா என்பது ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய முதல் கேமராக்களில் ஒன்று. 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள், அவ்வளவுதான். 12 படம் என்றால் ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒரு சின்ன மாநாடு நடக்கும். யார் நடுவில் நிற்பது, வெயில் முகத்தில் விழுகிறதா, மருமகனைக் கூப்பிட்டாகிவிட்டதா என்பதெல்லாம் முடிவான பிறகே பொத்தானை அழுத்துவார்கள். 1970-களிலிருந்து வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியதும் யாஷிகாக்கள் வந்து இறங்கின. படங்கள் எதிர்த் திசையில் பயணம் செய்தன. வர்க்கலையிலும் ஆற்றிங்கலிலும் பிறந்த குழந்தையின் முகத்தைத் துபாயிலோ தம்மாமிலோ இருந்த அப்பா முதலில் பார்த்தது, கடிதத்துக்குள் மடங்காமல் அட்டை வைத்து அனுப்பப்பட்ட ஒரு பிரிண்ட்டில்தான். அந்தப் பிரிண்ட் பர்ஸில் நைந்து போனாலும் கவலையில்லை. ஊரில் நெகடிவ் இருந்தது.

ஃபிலிம் கேமராவின் கவர்ச்சிக்கு ரசிகர்கள் பல காரணங்கள் சொல்வார்கள். நிறம், புள்ளி புள்ளியாகத் தெரியும் அந்தச் சொரசொரப்பு, பொத்தானின் சத்தம். எல்லாம் சரிதான். ஆனால் அடிப்படை விஷயம் இதைவிடச் சாதாரணமானது. ஃபிலிமில் படம் ஒரு பொருளாக இருக்கிறது. ஜெலட்டின் படலத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளி உப்புகளில் ஒளி படும்போது ஏற்படும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பரில் முக்கினால் ஒளி பட்ட துகள்கள் கறுத்த வெள்ளியாகின்றன. படாத உப்பை ஹைப்போ கரைத்துவிடும். பிறகு தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். ஹைப்போ மிச்சமிருந்தால் சில ஆண்டுகளில் படம் பழுத்துவிடும். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ்தான் வழக்கமான கணக்கு. திருவனந்தபுரத்தில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு என்பதால் அந்தக் கணக்குப்படி ஃபிலிம் கழுவ ஐஸ் கட்டி போட்டோ வேறு வழியிலோ அதைக் குளிர்விக்க வேண்டும். கலர் ஃபிலிமுக்குத் தேவை 37.8 டிகிரி. அங்கே பிரச்சினை வேறு: கால் டிகிரி முன்னே பின்னே போனாலும் நிறம் காலை வாரிவிடும்.

இந்த நகரத்துக்கும் ஃபிலிமுக்கும் பழைய உறவு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக இருந்த சக்கரியாஸ் டி'குரூஸ் எடுத்த படங்களின் ஆல்பம் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1959-ல் சிவன் இங்கே தொடங்கிய ஸ்டுடியோ, பத்திரிகைப் படங்களுக்கும் சினிமா ஸ்டில்களுக்கும் பெயர் பெற்றது. 1965-ல் வெளியான 'செம்மீன்' படத்தின் ஸ்டில்கள் அவர் எடுத்தவை. 2021-ல், 89-வது வயதில் அவர் காலமானார். தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்யச் சுலபமான வழி உண்டு: 'தளபதி', 'ரோஜா' படங்களின் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனின் அப்பா. 2024-ல் கான் விழாவில் பியர் ஆஞ்சனியூ கௌரவம் பெற்ற மகன், ஃபிலிமின் வாசனையிலேயே வளர்ந்தவர்.

சரிவு எப்படி வந்தது என்பது தெரிந்த கதை. கோடக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்துவிட்டார். ஒரு படத்தை காசெட்டில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. அதே கோடக் 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நம் வீட்டுப் பக்கத்துச் சோகம் ஊட்டியில் நடந்தது. 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்த பொதுத்துறை நிறுவனம் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். நிலவு என்று பொருள்படும் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. தூசியில்லாத குளிர்ந்த காற்றுதான் ஊட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். மக்கள் கலருக்கு மாறியபோது தொழிற்சாலையால் வேகமாக மாற முடியவில்லை. அது நலிந்த நிறுவனங்களின் பட்டியலுக்குப் போனது. தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்ப 2014-ல் மத்திய அமைச்சரவை அனுமதி தந்ததோடு கதை ஏறக்குறைய முடிந்தது. 'இந்துநகர்' என்ற பெயர் மட்டும் ஊட்டியில் நிற்கிறது.

செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த ஃபிலிம் மெல்ல எழுந்து உட்கார்ந்ததுதான் வேடிக்கை. 2012-ல் கைவிடப்பட்ட எக்டாகுரோம் 2018-ல் திரும்பி வந்தது. பிரிட்டனின் ஹார்மன் 2023-ல் புதிதாக ஒரு கலர் ஃபிலிமையே விட்டது. பென்டாக்ஸ் 2024-ல் புத்தம் புதிய ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தது. அது பாதி அளவுப் படம் எடுப்பது என்பதால் 36 ரோலில் 72 படங்கள். விலைவாசிக்கு ஏற்ற யோசனை! இந்தியாவில் ஒரு கலர் ரோலுக்கு இன்று ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகிறது. கழுவி ஸ்கேன் செய்யும் செலவு தனி. பக்கத்தில் லேப் இல்லாவிட்டால் கூரியரில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படியும் எடுக்கிறார்கள். எடுப்பவர்களில் பலர் டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பிறந்தவர்கள். ஆகவே இதைப் பழைய நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. நினைத்துப் பார்க்க அவர்களிடம் பழையது எதுவும் இல்லை. செல்போனில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்கள் அவர்கள். அவற்றில் எதையும் திரும்பப் பார்ப்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். தாத்தாவின் யாஷிகா அலமாரியிலிருந்து வெளியே வருகிறது. பின்கதவின் பஞ்சு பிசுபிசுத்துப் போயிருக்கும். எலக்ட்ரோ 35 என்றால் அதற்கான பாதரச பாட்டரி இப்போது கிடைப்பதில்லை. மாற்று ஏதாவது செருகிச் சமாளிக்க வேண்டும். லென்ஸுக்குள் வெள்ளை வலை பின்னியது போலப் பூஞ்சை. திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. இங்கே கேமராவைத் தோல் உறையில் பூட்டி வைப்பதைவிடப் பெரிய தீங்கு அதற்குச் செய்ய முடியாது.

இங்கே ஒரு விசித்திரம். ரோலைக் கழுவக் கொடுப்பவர்களில் பலர் ஸ்கேன் செய்த படங்கள் செல்போனுக்கு வந்து சேர்ந்ததும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். நெகடிவைத் திரும்ப வாங்க லேபுக்கு வருவதில்லை. உலகம் முழுக்க லேப்காரர்கள் சொல்லும் குறை இது. செல்போனில் பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால் செல்போனிலேயே எடுத்திருக்கலாமே என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஃபிலிமின் மேல் காதல். ஆனால் ஃபிலிம் வேண்டாம்.

நெகடிவின் மதிப்பு நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. விபத்து வழக்கோ கல்யாண வழக்கோ, வெறும் பிரிண்ட்டைக் காட்டினால் "நெகடிவ் எங்கே?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி. படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறியதும் உண்டு. டிஜிட்டல் படத்துக்கு அந்த இடத்தில் சான்றிதழ் வந்தது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 63-வது பிரிவு. நடக்காத கல்யாணத்துக்கும் கம்ப்யூட்டர் ஆல்பம் தயாரித்துத் தரும் இந்தக் காலத்தில், ஒளி நேரடியாக விழுந்து பதிந்த ஒரு துண்டு ஃபிலிமைக் கையில் வைத்திருப்பது அற்ப விஷயமல்ல.

வைத்திருப்பதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த நகரத்தைவிடத் தெளிவாக வேறு ஊர் சொல்ல முடியாது. லைகா வீட்டுக் கேமராக்களுக்குள் கொண்டுவந்த 35 மி.மீ. ஃபிலிம், சினிமாவிலிருந்து கடன் வாங்கியதுதான். அதே அகலமுள்ள சுருளில் இங்கே இரண்டு படங்கள் பிறந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல், சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்' முதல் மலையாளப் படம். கேப்பிட்டல் தியேட்டரில் வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரு கருத்துகள் உண்டு. இன்று அதில் ஓர் அடிகூட மிச்சமில்லை. டேனியலின் மகன் ஹாரிஸ், தான் சிறுவனாக இருந்தபோது ஃபிலிம் சுருளைக் கொளுத்தி, அது எரியும் நீல ஒளியை வேடிக்கை பார்த்ததைப் பின்னாளில் சொல்லி வருந்தினார்.

இன்னொன்று 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையம் வழக்குப் போட, சீக்கிரமே படம் தியேட்டரை விட்டுப் போனது. பிரதி புத்தகக் கடைக்காரர்கள் வசம் கிடந்தது. தயாரித்தவருக்கு அது பேரிடி. படத்துக்கோ அதுவே ஆயுள் காப்பீடு! புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974-ல் அதை மீட்டுக்கொண்டு போனது. தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பிய அபூர்வம் அது. அந்தக் காப்பகத்துக்கு சுமார் 12,000 படங்களைத் திரட்டித் தந்த பி.கே. நாயரும் (1933-2016) திருவனந்தபுரத்துக்காரர். வெள்ளிக்காக ஃபிலிமை உருக்கி விற்கும் வழக்கத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்.

குடும்ப நெகடிவ்களுக்கு அப்படி ஒரு நாயர் இல்லை. பல ஸ்டுடியோக்கள் மூடியபோது, எண் எழுதிய காகித உறைகள் அட்டைப் பெட்டிகளோடு பழைய சாமான் கடைக்குப் போயின. வீட்டில் இருப்பவை பீரோவின் அடித்தட்டில், பாஸ் புக்குக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில். ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. 1970, 80-களின் கலர் பிரிண்ட்கள் ஏற்கெனவே சிவந்துவிட்டன. அவற்றின் நெகடிவிலும் சாயம் மங்கிக்கொண்டே இருக்கிறது. பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்கள், வெள்ளியால் ஆனவை என்பதால், பேத்தியின் கலர் படங்களைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

காப்பாற்றச் செலவு அதிகமில்லை. ஆல்பத்தின் ஒட்டும் பிளாஸ்டிக்கில் வைக்காமல், அமிலமில்லாத காகித உறையில் பட்டிகளைத் தனித்தனியாகப் போட வேண்டும். விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். விரல் ரேகைகூட நிரந்தரமாகப் பதிந்துவிடும். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்ற வேண்டும். உறையின் மேல் பென்சிலால் வருடமும் ஆட்களின் பெயரும் எழுதி வைப்பது நல்லது, அந்த முகங்களை அடையாளம் காட்டக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே. உறையைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் ஃபிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் பட்டிகளையும் கெடுக்கும். உடனே அதைப் பிரித்து எடுத்து, சுருண்டு போவதற்குள் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.